கணக்கில் வராத பதினைந்து நாட்கள்

எண்களை இங்கே எழுதப் போவதில்லை. எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை போனது என்று நான் போட்ட கணக்கு ஒரு காலத்தில் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்த எண்களை நம்பித்தான் கெட்டேன். நான் கெட்டது போய்த் தொலையட்டும். என்னால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று, இன்னொரு பெண்ணின் பிள்ளை போயிற்று. எண்தான் வேண்டும் என்கிறவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகும் சாலையில் ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் விலை தரையில் விழுவதற்கு முந்தைய வருஷங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரசர். டாக்டர் துரை வாரத்துக்கு ஒரு நாள் காரில் வருவார், ஒரு மணி நேரம் இருப்பார், அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார். மற்ற ஆறு நாளும் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது, வெட்டுக் காயத்துக்கு மருந்து கட்டுவது, செத்தவன் பேரை எழுதுவது எல்லாம் நான்தான். ஜனங்கள் 'டிரசரய்யா' என்று தலைத்துண்டை இறக்குவார்கள். எனக்கு அது போதவில்லை. எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும், கணக்கும் வரும். இரண்டும் வருகிறவன் இந்தச் சேற்றுக் காட்டில் கொசுக்கடி பட்டுக் கிடக்கிறானே என்று எனக்கே என்மேல் இரக்கம். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி என்றால் பலகைச் சுவர், தகரக் கூரை, காய்ச்சல்காரர்களுக்கு ஒரு நீளக் கூடம். அதன் கோடியில் பிரசவத்துக்கென்று இரண்டு கட்டில் போட்ட ஒரு சிறு அறை. அதைப் பார்த்துக்கொள்ளக் கிள்ளானில் படித்துவந்த ஒரு மருத்துவச்சி இருந்தார். முப்பது வயசிருக்கும், புருஷன் இல்லை. ஊரே அவரை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படித்தான். கத்தரிக்கோலையும் நூலையும் மண்ணெண்ணெய் அடுப்பில் வேகவைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. சோற்றை மறந்தாலும் மறப்பார், கத்தரிக்கோலை மறக்கமாட்டார். பிள்ளை முதல் அழுகை அழுததும் தேதி, நேரம், எடை எல்லாம் நோட்டில் ஏறிவிடும். அழாமலே போனதும் ஏறும், மறுநாள் போனதும் ஏறும். எதையும் மறைக்கத் தெரியாத மனுஷி.

லயம் என்கிற கூலி வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அந்த அறைக்கு லேசில் வரமாட்டார்கள். மூன்றாம் லயத்தில் ஒரு அம்மாள் இருந்தாள், பிள்ளை பார்க்கிறவள். அவளைத்தான் கூப்பிடுவார்கள். பால்மரம் வெட்டுகிற கத்தியால் தொப்புள் கொடியை அறுத்து, அடுப்புச் சாம்பலை வைத்துக் கட்டுவாள். அவளை நான் குறை சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்தது அதுதான். அவள் கையை மீறிப் போனால், இரண்டு நாள் வலியில் துவண்டவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸியிடம் ஓடிவருவார்கள். வாசலிலேயே பாதி உயிர் போயிருக்கும்.

அப்படியிருந்தும் நல்லபடியாக இருக்கும்போதே தேடிவந்தவள் ஒருத்தி உண்டு. ஏழாம் லயத்துக்காரி. புல் வெட்டுகிற கூட்டத்தில் வேலை. அப்போது ஐந்து மாதம். ஒருநாள் மத்தியானம் புல் கத்தியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஜன்னலோரக் கட்டிலைத் தடவிப் பார்த்தாள். பழைய சேலையிலிருந்து கிழித்த ஒரு சிவப்புத் துணியைக் கட்டில் காலில் கட்டினாள்.

"டிரசரய்யா, இது எனக்கு. வேற யாருக்கும் குடுத்துராதீங்க."

"இதென்ன, பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி?" என்று கேட்டேன்.

"ஆமாங்க, அப்படித்தான்னு வச்சுக்குங்க" என்று சிரித்தாள். தலைச்சன் பிரசவம் போலிருக்கிறது, பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குப் பிள்ளைகள் இருந்து நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் கொய்னா வாங்க வரும்போதெல்லாம் உள்ளே எட்டி அந்தத் துணியைத் தொட்டுவிட்டுத்தான் போவாள்.

அந்த வருஷம் காய்ச்சல் கடுமை. கூடத்தில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்தோம். டாக்டர் துரை சுற்றிப் பார்த்துவிட்டுப் பிரசவ அறை வாசலில் நின்றார். இந்த அறையைக் காய்ச்சல்காரர்களுக்கு எடுத்துக்கொண்டால் என்ன, இங்கே பிள்ளை பெறுவதால் ஏதும் நன்மை இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "லயத்தில் பிறக்கிற குழந்தைகள் அதிகம் சாகின்றனவா, இங்கே பிறப்பவையா? ஒரு மாதத்தில் கணக்கு எடுத்துக் கொடு. அதைப் பார்த்து முடிவு செய்கிறேன்" என்றார். நியாயமான கேள்வி. அவரை இன்றைக்கும் நான் குற்றம் சொல்லமாட்டேன். கேள்வியை ஜனங்களிடம் கொண்டுபோனவன் நான், அது என் வாயில்தான் கெட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆகா, நம் கைக்கும் ஒரு ஆராய்ச்சி வந்ததே! புது நோட்டு வாங்கிச் சிவப்பு மசியில் இரட்டைக் கோடு போட்டேன். லயம், வீடு, பிள்ளைகள் எத்தனை, எங்கே பிறந்தன, தவறியவை எத்தனை என்று கட்டம் கட்டினேன். கட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதல் வரியில் என் வீட்டையே எழுதினேன். டிரசர் வீடு, பிள்ளைகள் இரண்டு, தவறியது இல்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் அதை வாசித்தும் காட்டினேன். முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். மூத்தவனுக்கு அப்போது ஏழு வயசு, லயத்து அம்மாள் கையில் பிறந்தவன். இளையவனுக்கு இரண்டு. அவனை மட்டும் மிஸ்ஸியிடம்தான் பெறுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று பெற்றாள். புதுசாக எது வந்தாலும் இவளுக்கு ஆசை என்று அப்போது நான் கேலி செய்தேன்.

நோட்டை மிஸ்ஸியிடமும் காட்டினேன், பாராட்டுவார் என்று. அவர் கட்டங்களை நிதானமாகப் படித்தார்.

"அண்ணே, இதை எங்க வச்சுக் கேக்கப் போறீங்க?"

"பெரட்டுலதான். அங்கதான் எல்லாரும் ஒண்ணா நிப்பாங்க."

பெரட்டு என்றால் விடிந்ததும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. வேலை வாங்குகிற கங்காணி இருப்பான், கணக்கு எழுதுகிற கிராணி இருப்பார், புருஷன்மார் இருப்பார்கள்.

"அங்க வேணாம்ணே. புள்ளத்தாச்சி நிக்கிற எடத்துல செத்ததைப் பத்தி ஒருத்தியும் வாய் தொறக்க மாட்டா. அதோட, 'பிள்ளை எத்தனை'ன்னு கேக்காதீங்க. 'எத்தனை தடவை சுமந்தே'ன்னு கேளுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்ஸி?"

"ஒண்ணாண்ணே? பதினாறாம் நாளு தீட்டுக் கழிச்சு, தொட்டில்ல போட்டு, பேர் சொன்னாத்தானே நம்ம ஆளுங்களுக்கு அது பிள்ளை? அதுக்கு முன்னாடி போனதை யாரு கணக்குல சேக்குறா? லயத்துல பொறக்குறதுல எத்தனையோ ஆறாம் நாளு, எட்டாம் நாளு வாய் பூட்டிக்கிட்டு ஜன்னியில போகுது. நான் மட்டும் அழுத நிமிஷத்துலேர்ந்து எழுதுறேன். ரெண்டையும் ஒரே தராசுல போட்டா எப்படி? இங்க வர்றதும் முக்கால்வாசி கைமீறிப் போனது."

அவ்வளவு தெளிவாகச் சொன்னார். அதைவிடத் தெளிவாக இன்றைக்கு என்னாலும் சொல்ல முடியாது. எனக்கோ மூக்குக்குமேல் கோபம். கணக்கு படித்தவன் நான், கட்டம் கட்டியவன் நான், பாடம் எடுக்க வந்துவிட்டார்! அதற்குள் இன்னொரு எண்ணமும் வந்தது. இந்த அறை மூடினால் இவருக்கு வேலை போய்விடும், அதற்காகத்தான் பேசுகிறார். அந்த எண்ணம் வந்த பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தையும் எனக்குள் இறங்கவில்லை.

"மிஸ்ஸி, நீங்க கத்தரிக்கோலைப் பாருங்க. கணக்கை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

முகம் சுருங்கிப் போயிற்று. "சரிங்கண்ணே" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது நினைத்தால் எனக்கே என்னைக் கன்னத்தில் அறையலாம் போலிருக்கிறது.

இத்தனைக்கும் இந்தப் பதினாறாம் நாள் விஷயம் எனக்குத் தெரியாததா? நானும் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன்தானே. பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டுக்குள் வெளி ஆம்பிளை பதினாறு நாள் போகக்கூடாது, ஆகவே டிரசருக்கும் அங்கே வேலை இல்லை. பேர் வைத்த பிறகுதான் கங்காணி கிராணியிடம் சொல்லிப் பிறப்பைப் பதிவு செய்வான். பேர் இல்லாததை என்னவென்று பதிவது? தகப்பன் ஒரு துணியில் சுற்றிக்கொண்டுபோய், பாரிட் என்று சொல்கிற பெரிய வடிகால் கரையில் புதைத்துவிட்டு, அடுத்த நாள் பெரட்டில் வந்து நிற்பான். யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. அது இரக்கத்தால் வந்த வழக்கம், பெற்றவள் சீக்கிரம் மறக்கட்டும் என்று. ஊருக்கே தெரிந்ததை நோட்டைத் திறந்த நிமிஷத்தில் நான் மறந்துபோனேன்.

பத்து நாள் பெரட்டில் நின்று கேட்டேன். "உனக்குப் பிள்ளை எத்தனை? தவறினது எத்தனை?" நான் கேட்பதும் அவர்கள் சொல்வதும் கோயில் மணிபோல் ஒரே சீராக நடந்தது. மூணுங்க, தவறினது இல்லீங்க. நாலுங்க, ஒண்ணு போச்சுங்க, ரெண்டு வயசுல. ஏழாம் லயத்துக்காரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றாள். "உனக்கு?" என்றேன். தலையைக் குனிந்து, "இல்லீங்க" என்றாள். பேனாவைத் தொட்டு அழகாக ஒரு சைபர் போட்டேன்.

கடைசியில் கூட்டிப் பார்த்தால் லயத்துப் பக்கம் சாவுக் கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றும். பிரசவ அறைப் பக்கமோ மிஸ்ஸியின் நோட்டிலிருந்து எடுத்த கோடுகள் வேலி போட்டதுபோல் வரிசையாக நின்றன. எனக்கே ஒரு நிமிஷம் திக்கென்றது. ஆனால் கணக்கு கணக்குதானே. நகல் எடுத்து டாக்டர் துரையிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். நல்ல வேலை என்றார். அடுத்த வாரம் அறையை மூட உத்தரவு வந்தது, மாதக் கடைசியில் மிஸ்ஸியைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

போகிற அன்று மிஸ்ஸி ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் அவருடைய தம்பி இருந்தான், அங்கே போவதாகச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிய கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார்.

"ஏழாம் லயத்துக்காரிக்கு நேரம் வந்தா இதை வேகவச்சுக் குடுத்தனுப்புங்கண்ணே. பிரசவம் மூணாம் லயத்து அம்மா கையிலயே இருக்கட்டும், கத்தி மட்டும் வேணாம்னு சொல்லுங்க. அந்தப் பொண்ணு ஏற்கெனவே ரெண்டு சுமந்தவ."

"ரெண்டா? பெரட்டுல இல்லைன்னாளே."

மிஸ்ஸி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

கத்தரிக்கோலை மருந்து அலமாரியில், மேல் தட்டில் வைத்தேன். நன்றாக நினைவிருக்கிறது, அயோடின் புட்டிக்குப் பக்கத்தில். அதற்கப்புறம் மூன்று மாதமும் காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். பிரசவ அறையில் காய்ச்சல்காரர்கள் படுத்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் படுத்த கிழவர் ஒருவர் அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்து, "இதென்ன நேர்த்திக்கடனா?" என்று கேட்டார். அவிழ்க்கலாமா என்று கையை நீட்டினேன், என்னவோ அவிழ்க்கவில்லை.

ஒரு காலை பெரட்டில் கங்காணி, "ஏழாம் லயத்துல புள்ளை பொறந்திருச்சுங்க, ஆம்பளைப் புள்ளை" என்றான். "எப்ப?" என்றேன். "முந்தாநாளு." அலமாரி ஞாபகம் அப்போதுதான் வந்தது. ஐயோ! கொடி அறுத்து இரண்டு நாள் ஆன பிறகு கத்தரிக்கோலை என்ன செய்ய? இருந்தாலும் மனசு கேட்கவில்லை. இதற்கு ஒன்றும் ஆகாது, எல்லாப் பிள்ளையும் கத்தியில் அறுத்துத்தானே பிறக்கிறது, என் கணக்கே சொல்கிறதே லயத்தில் சாவு இல்லையென்று, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கணக்கை நான் அன்றைக்கு நம்பியதுபோல் வேறு என்றைக்கும் நம்பியதில்லை.

எட்டாம் நாள் அவள் புருஷன் பெரட்டுக்கு வரவில்லை. மூன்றாம் பத்தி ரப்பர் மரங்களுக்குள் காய்ச்சலில் விழுந்த ஒருவனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். பாரிட் கரையோரம் அவன் எதிரே வந்தான். தோளில் மண்வெட்டி, மற்றக் கையில் வெறும் துண்டு. கால் முழுக்கச் சேறு.

"என்னடாப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க டிரசரய்யா" என்றான். வழிவிட்டு ஒதுங்கி நின்றான். நான் தாண்டிப் போனேன். வேறென்ன செய்வது, கேட்காமல் இருப்பதுதானே மரியாதை.

இதோடு விட்டிருந்தால்கூடக் காலப்போக்கில் எனக்கு மறந்திருக்கும், நான் அவ்வளவு பெரிய உத்தமன் ஒன்றுமில்லை. வருஷம் திரும்பியதும் டாக்டர் துரை மறுபடி கணக்குக் கேட்டார், அறையை மூடியபிறகு சாவு குறைந்ததா என்று. அதே நோட்டு, அதே கட்டம், அதே பெரட்டு. வரிசையில் ஏழாம் லயத்துக்காரி முறை வந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தாள்.

வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "உனக்குப் பிள்ளை எத்தனை? தவறினது எத்தனை?"

"தவறினது ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. குரலில் ஒரு துளி நடுக்கம்கூட இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன், அவளுக்கு அடுத்தவளைப் பார்த்தேன். இத்தனை நாளாக 'இல்லீங்க', 'இல்லீங்க' என்று சொன்ன அத்தனை பேரும் எதை இல்லை என்று சொன்னார்கள் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கங்காணி கனைத்தான். நான் சைபர் போட்டேன். ஆமாம், போட்டேன். அவளுடைய பிள்ளையைப் புதைத்துவிட்டுத் திரும்பியவனை நேரில் பார்த்த நான், அந்தக் கட்டத்தில் சைபர் போட்டேன். உண்மையை எழுதினால் முதல் கணக்கு என்னாவது, நான் என்னாவது என்று கை தானாகவே போட்டுவிட்டது.

பிரசவ அறைக் கோடுகள் போய்விட்டதால் அந்த வருஷத்துக் கணக்கில் சாவு அப்படியே இறங்கியிருந்தது. டாக்டர் துரை படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு துரை என் கையைக் குலுக்கியது அதுதான் முதலும் கடைசியும். ஊரெல்லாம் பார்த்தது. எனக்கு அந்தக் கையால் அன்றைக்குச் சோறு பிசையப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் போய் ரயிலேறிக் கோலாலம்பூர் போனேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பு எல்லாம் ஒரே அச்சில் இருக்கும், நாலைந்து வீட்டில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். மிஸ்ஸி கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வேலை கிடைக்கவில்லை, அக்கம்பக்கத்தில் கூப்பிட்டால் போய்ப் பிரசவம் பார்ப்பதாகச் சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படி நான் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோலைச் சொன்னேன். சைபரையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கையிலிருந்த துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டே நின்றார். அதில் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது.

"மூணாவதும் போச்சா" என்றார். துணியைக் கொடியில் போட்டுவிட்டு, "எனக்கு எதுக்குண்ணே மன்னிப்பு? அதை வச்சு நான் என்ன பண்ண? போய்த் திருப்பிக் கேளுங்க. ஆனா நீங்க கேக்காதீங்க. உங்க வீட்டு அக்காவை அனுப்புங்க" என்றார்.

"அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே மிஸ்ஸி."

"கேக்கத் தெரியும்ணே" என்றார் மிஸ்ஸி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு வெற்றுப் பால் டப்பாவை எடுத்துக்கொண்டாள். சுமந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் கொட்டை, பதினாறாம் நாளுக்குள் போன ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டை. அது அவளே கண்டுபிடித்த முறை. நாலு ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாகப் போனாள். தண்ணீர்க் குழாயடியில் உட்காருவாள், ஒருத்திக்குப் பேன் பார்ப்பாள், இன்னொருத்திக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுப்பாள். எப்போது எப்படிக் கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் கண் சிவந்து வருவாள். டப்பா ஒவ்வொரு வாரமும் கனத்துக்கொண்டே வந்தது.

அந்தக் கணக்கால் என்ன ஆயிற்று என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. நான் நகல் எடுத்து முடிப்பதற்குள் பழைய டாக்டர் துரை சீமைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவரிடம் கொடுத்தேன். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். தோட்டமே மூடுமோ என்னவோ, அறையாவது திறப்பதாவது என்று சொல்லிவிட்டார். ஏழாம் லயத்துக்காரியும் புருஷனும் அந்தக் கப்பலில்தான் போனார்கள். போகிற அன்று ஆஸ்பத்திரிப் பக்கம் வந்து, ஜன்னல் வழியாகக் கட்டிலைப் பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை. துணி அங்கேயேதான் இருந்தது, நிறம் வெளுத்து.

ஆனால் நான் சொல்ல உட்கார்ந்தது அதுவல்ல. நாலாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணக்கை முடிக்க உட்கார்ந்தோம். அவள் நினைவிலிருந்து வீடு வீடாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டாம் லயம் மூணாம் வீடு, சுமந்தது நாலு, பதினாறுக்குள்ள போனது ஒண்ணு. அஞ்சாம் லயம் கடைசி வீடு, சுமந்தது ஆறு, போனது மூணு. எல்லாம் எழுதி முடித்து, சரிபார்க்க டப்பாவைப் பாயில் கொட்டினேன். எண்ணினேன். இடித்தது. மறுபடி எண்ணினேன். ரப்பர் கொட்டையில் மூன்று கூடுதல், புளியங்கொட்டையில் ஒன்று கூடுதல்.

எனக்கு வந்ததே கோபம். அவ்வளவு பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள். "ஒரு வேலையை ஒழுங்கா செய்யத் தெரியுதா உனக்கு? எந்த வீட்டை ரெண்டு தடவை போட்டே?" என்று கத்தினேன்.

"எந்த வீட்டையும் ரெண்டு தடவை போடலை" என்றாள்.

"பின்ன இது எங்கேருந்து வந்துச்சு?"

"கொட்டை சரியாத்தான் இருக்கு. நீங்கதான் ஒரு வீட்டை எழுதலை."

"எந்த வீடு?"

அவள் பாயிலிருந்து அந்தப் புளியங்கொட்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வீடு" என்றாள்.

மூத்தவனுக்கும் இளையவனுக்கும் நடுவில். ஏழாம் நாள். பெண். என் வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றினோம். இதே பாரிட் கரைக்கு நான்தான் கொண்டுபோனேன், குழி தோண்டினதும் நான்தான். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஒருநாளும் மறக்கவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டு பிள்ளைகள் என்றுதான் சொன்னேன். நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியில் அதை எழுதி, இவளிடமே வாசித்தும் காட்டினேன். அதற்கு இவள் நல்லா எழுதியிருக்கீங்க என்றாள்.

முதல் பக்கத்தைத் திருப்பி, இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். அந்த நோட்டில் கோணலாக இருக்கிற ஒரே எழுத்து அதுதான்.

"அப்பவே ஏன்டி சொல்லலை?" என்றேன்.

"நீங்க கேக்கலையே" என்றாள். கொட்டையை விரலால் உருட்டிக்கொண்டே, "பேரு ஒண்ணு நெனச்சு வச்சிருந்தேன். பதினாறாம் நாளு உங்ககிட்ட சொல்லலாம்னு" என்றாள்.

என்ன பேர் என்று கேட்டேன். சொன்னாள். அந்தப் பேரையும் இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்கு அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், பாதிக்குமேல் சொல்ல முடியவில்லை.